வௌவால் ஏறிய பிறகு விளக்கு

அந்தக் காலத்தில் மனிதர், பறவை, பாம்பு, பல்லி எல்லோருக்கும் பேச்சு ஒன்றுதான். அதனால் நன்மை இருந்ததோ இல்லையோ, சண்டை போட வசதியாக இருந்தது.

அப்போது மினுக்கம்பாறை என்றொரு ஊர். எந்தச் சந்தைக்குப் போவதானாலும் வழியில் ஓர் இரவு தங்கித்தான் போக வேண்டும், அவ்வளவு தொலைவு. முள்ளையும் பாறையையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் ஓடை மணலில் பொன் துகள் மின்னியதை ஆடு மேய்க்கிறவர்கள் கண்டுவிட்டார்கள். பிறகு கேட்கவா வேண்டும்? நாலு திசையிலிருந்தும் சனம் வந்து குவிந்தது. முதலில் மணலை அரித்தார்கள். மணலில் தீர்ந்ததும் பாறையைக் குடைந்தார்கள். பொன் உள்ளே உள்ளே போனது, மனிதனும் விடாமல் பின்னாலேயே போனான்.

அப்படிப் போனவர்களில் ஒருவன் தனகோட்டி. கோடியெல்லாம் பெயரோடு சரி. அவன் வெட்டியெடுத்த பொன் யார் யார் கழுத்துக்கோ போயிற்று. அவன் வீட்டுக்கு வந்தது மண் படிந்த வேட்டியும் இருமலும்தான். அந்த வேட்டியை அடித்துத் துவைப்பவள் அவன் பெண்சாதி எல்லம்மாள்.

அவர்கள் வீட்டுக் கூரையில் ஒரு வௌவால் குடியிருந்தது. அந்நாளில் வௌவாலும் மற்றப் பறவைகளைப் போலத்தான். பகலெல்லாம் பறந்து பூச்சி பிடிக்கும். பொழுது சாய்ந்தால் தலை மேலே, கால் கீழே என்று ஒழுங்காக உட்கார்ந்து தூங்கும். கண்ணும் நல்ல கூர்மை. எழுந்ததும் நேராக எல்லம்மாளின் முறத்தில் எச்சம் போடும். அது ஒன்றுதான் கெட்ட பழக்கம்.

"ஏ கருவாட்டு மூஞ்சி! ஊர்ல உனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"நான் இன்னா வேணும்னா பண்றேன்? மொறத்த கொஞ்சம் நகத்தி வையேன்கா."

இந்தச் சண்டை முடிந்துதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

பொழுது சாய்கிற நேரம் பெண்களெல்லாம் சுரங்க வாயில் போய் நின்று உள்ளே குரல் கொடுப்பார்கள். ஆளுக்கொரு கூவல். எல்லம்மாள் நீளமாக இழுத்துக் கடைசியில் வெடுக்கென்று நிறுத்துவாள். அது காதில் விழுந்தால்தான் தனகோட்டி உளியைக் கீழே வைப்பான். எத்தனை பெண்கள் கூவினாலும் அவரவர் புருஷன்தான் பதில் கூவுவான். இதில் குழப்பம் வந்ததாக ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை.

ஒரு நாள் நடுப்பகலில் பூமி குலுங்கியது. அடுப்பிலிருந்த பானை உருண்டது. பெண்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள், தனகோட்டி மட்டும் வரவில்லை.

எல்லம்மாள் உள்ளே பார்த்துக் கூவினாள். பதில் இல்லை. தொண்டை கிழியக் கூவினாள். அப்போதும் இல்லை.

"மேலேருந்து தண்ணி கொட்டுது, பந்தம் நிக்க மாட்டேங்குது," என்றார் கன்னையன் மேஸ்திரி. "பாறை சரிஞ்சு வழியெல்லாம் மாறிப் போச்சு. அந்த இருட்டுக் கசத்துல இன்னொருத்தன எறக்கி அவனையும் சாவக் குடுக்க எனக்கு மனசு வரல, எல்லம்மா."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு எல்லம்மாள் என்ன செய்வாள்? பாம்பிடம் ஓடினாள். பொந்து என்றால் சரி, தண்ணீர் கொட்டுகிற பொந்து ஆகாது என்றது பாம்பு. ஆந்தையை எழுப்பினாள். துளி வெளிச்சமாவது இருந்தால்தான் தன் கண் வேலை செய்யும் என்று சொல்லிவிட்டு அது மறுபடி தூங்கிப் போனது. கடைசியில் தன் வீட்டுக் கூரைக்குக் கீழே வந்து நின்றாள்.

"என்னைத் திட்டாத நாளே கெடையாது," என்றது வௌவால். "இப்ப எங்கிட்டயே வந்து நிக்கிறியா?"

"திட்டுனேன். இல்லைன்னு சொல்லல. ஒரு நாளாச்சும் கூரையப் பிரிச்சு உன்னத் தொரத்துனேனா?"

வௌவால் யோசித்தது. துரத்தவில்லைதான். உடனே அது சுரங்கத்துக்குள் பறந்துபோனது.

உள்ளே நடந்தது, வௌவால் வழியில் சொல்லக் கேட்டுத் தனகோட்டி பிறகு சொன்னது. அந்த இருட்டில் வௌவாலின் கூரிய கண் ஒன்றுக்கும் உதவவில்லை. போய் ஒரு பாறையில் முட்டியது, திரும்பி இன்னொன்றில் முட்டியது. வலி தாங்காமல் கத்தியபோது அதன் வாயில் வந்தது எல்லம்மாளின் கூவல். தினம் தினம் கேட்டு ஊறிய குரலாயிற்றே. பாறை எதிரே இருந்தால் அந்தக் குரல் சட்டென்று திரும்பி வந்தது. வழி இருந்தால் வராமல் போய்க்கொண்டே இருந்தது. வௌவாலுக்குப் பிடி கிடைத்துவிட்டது. கூவிக் கூவி இடுக்கு இடுக்காக நுழைந்து போயிற்று.

தனகோட்டி மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். கூவல் கேட்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிப் பாவி, நீ எதுக்குடி உள்ள வந்தே?"

"நான் எல்லம்மா இல்ல மாமா. கருவாட்டு மூஞ்சி."

உட்கார இடமில்லை, கீழே எல்லாம் தண்ணீர். வௌவால் மேற்பாறையைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கியது. அங்கிருந்து ஒரு கூவல். தனகோட்டி குரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவான். வந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் தொங்கும், மறுபடி ஒரு கூவல். இப்படியே மணிக்கணக்காக அவனை இழுத்து வந்தது.

அவர்கள் சுரங்க வாய்க்கு வந்தபோது வெளியே பொழுது சாய்ந்திருந்தது. ஊரே பந்தமும் கையுமாகக் காத்திருந்தது. நெடுநேரம் இருட்டில் கிடந்தவன் திடீரென்று வெளிச்சத்தைப் பார்த்தால் கண் போய்விடும். சுரங்கத்து ஆட்களுக்கு இது தெரியாதா? ஆள் தலை தெரிந்ததும் முதலில் கண்ணைத்தான் கட்டுவார்கள். எல்லம்மாளும் முந்தானையால் புருஷன் முகத்தை மூடினாள். அவனைக் கண்ட சந்தோஷத்தில் மற்றக் கையிலிருந்த பந்தத்தை உயரத் தூக்கினாள். அங்கே சுரங்க வாயின் மேற்பாறையில் தொங்கிக்கொண்டிருந்தது வௌவால். அதன் முகத்துக்கு நேரே போனது தீ.

அதற்கும் கண் உண்டு என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"அக்கா! கண்ணு எரியுதுக்கா!"

எல்லம்மாள் பந்தத்தைச் சுரங்கத் தண்ணீரில் வீசினாள். "அணைங்க! எல்லாத்தையும் அணைங்க!" என்று கத்தினாள். அணைத்துதான் என்ன பயன்? வௌவால் இரண்டு இறக்கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டது. புருஷன் பிழைத்து வந்த அந்த நேரத்தில் எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அழுவாதக்கா," என்றது உள்ளிருந்து குரல். "இருட்டுல எரியல. இனிமே எனக்கு இங்கதான் தோது. வெளிச்சம் போன பொறவு வெளிய வந்து நாலு பூச்சி புடிச்சிக்கிறேன்."

"வா," என்றாள் எல்லம்மாள். "நீ வர்ற நேரத்துல என் வீட்டுல வெளக்கு எரியாது."

மறுநாள் ஊரெல்லாம் விளக்கு வைத்த நேரத்தில் எல்லம்மாள் வீடு இருட்டாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து சண்டை பிடித்தாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல வீட்ட இப்பிடிப் போட்டு வெச்சா லட்சுமி எப்படிம்மே உள்ள வருவா?"

"வந்தா வாசல்ல செத்த நேரம் நிக்கட்டும். என் புருஷன வெளிய கொண்டாந்தது லட்சுமி இல்ல."

பக்கத்து வீட்டுக்காரி திரும்பி நடந்தாள். அவள் புருஷனும் அதே சுரங்கத்தில்தான் இறங்குகிறான். வீட்டுக்குப் போய் ஏற்றிய விளக்கை ஊதி அணைத்தாள். அடுத்தடுத்த வீடுகளும் அப்படியே செய்தன. வௌவாலின் சொந்தபந்தமெல்லாம் அதைத் தனியே விட மனமில்லாமல் சுரங்கத்துக்கே குடிபோயின. அங்கே பிறந்த குஞ்சுகளுக்குத் தலைகீழாகத் தொங்குவதுதான் தெரிந்தது.

பிறகு பொன் தீர்ந்தது. வந்த சனம் வந்த வழியே போயிற்று. அரைத்துக் கொட்டிய மண் மேடுகளும், போக்கிடம் இல்லாத கொஞ்சம் வீடுகளுமே மிச்சம்.

தனகோட்டி பிழைத்து வந்த அன்று முதல்தான் வௌவால் இருட்டில் தலைகீழாகத் தொங்குகிறது, கூவிக் கூவி வழி கண்டு பறக்கிறது. மினுக்கம்பாறையில் இன்றைக்கும் பொழுது சாய்ந்ததும் பெண்கள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். கடைசி வௌவாலும் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வந்த பிறகுதான் குச்சியைக் கிழிக்கிறார்கள்.