கரையில் மூன்றாவது சிறுத்தை

ஓடை ஒன்று வளைந்து ஓடும் காட்டில், கரையோர மரத்தில் ஒரு மந்தி இருந்தது. அதற்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. வடக்கே பார்க்கும், தெற்கே பார்க்கும், சருகு அசைந்தாலும் கத்தும். அது கத்தினால் கீழே மேயும் புள்ளிமான்கள் பாய்ந்து ஓடிவிடும். அதனால்தான் அவை உயிரோடு இருந்தன.

அந்தக் காட்டுக்கு நல்லபெருமாள் என்ற சிற்பி வந்தார். காட்டு விலங்குகளைப் பார்த்துப் பார்த்துச் சிலை செய்வதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. கரையில் கிடந்த பாறையைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டிக்கொண்டு, பல நாள் உளியும் கையுமாக இருந்தார். ஒரு காலையில் தட்டியைப் பிரித்தார்.

உள்ளே ஒரு சிறுத்தை படுத்திருந்தது!

“ஓடுங்கள்! ஓடுங்கள்!” என்று மந்தி அலறியது. மான்கள் சிதறி ஓடின.

சிற்பி வயிறு குலுங்கச் சிரித்தார். “மந்தியே ஏமாந்துவிட்டதே! இதைவிட எனக்கு என்ன பாராட்டு வேண்டும்?”

மான்கள் தயங்கித் தயங்கி வந்து மோந்து பார்த்தன. வெறும் கல்.

“என்ன மந்தியக்கா, குட்டியை இழுத்துக்கொண்டு ஓடியதில் என் கால் சுளுக்கிவிட்டதே!” என்று ஒரு பெண்மான் முணுமுணுத்தது.

அடுத்து, சிற்பி மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, வெண்கலத்தை உருக்கி ஊற்றி இன்னொரு சிறுத்தை செய்து, அதையும் கரையில் வைத்தார். வெயிலில் அதன் முதுகு மின்னியதும் மந்தி மறுபடியும் அலறியது. மான்கள் மறுபடியும் ஓடின. இந்த முறை திரும்பி வந்து எல்லாமே சிரித்தன.

“இன்னொரு தடவை வீணாகக் கத்தினால், நாங்கள் வேறு மரத்தடிக்குப் போய்விடுவோம்,” என்றது கொம்புள்ள மான்.

மந்திக்கு அவமானமாகிவிட்டது.

புதருக்குள் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தது உண்மையான சிறுத்தை. “இனி என்னைப் பார்த்தாலும் கல் என்றுதான் நினைப்பார்கள்!” என்று மீசையை நக்கியது.

மறுநாள் மான்கள் தண்ணீருக்கு வந்தன. மந்தி எட்டிப் பார்த்தது. கரையில் மூன்று சிறுத்தைகள்!

‘சிற்பி இன்னொன்று செய்திருப்பாரோ? கத்தினால் சிரிப்பார்களே! கத்தாவிட்டால்...?’

இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்குமாகத் தவித்தது மந்தி. வாயைத் திறந்தது, மூடியது. கீழே மான்குட்டி துள்ளிக்கொண்டே அந்த மூன்றாவது சிறுத்தையின் பக்கம் போனது.

“சிரித்தால் சிரிக்கட்டும்!” என்று மந்தி அடிவயிற்றிலிருந்து அலறியது. “சிறுத்தை! ஓடுங்கள்!”

ஒரு மானும் அசையவில்லை. “ஆரம்பித்துவிட்டாள்,” என்றது கொம்புள்ள மான்.

ஓடையில் குளித்துக்கொண்டிருந்த சிற்பி சிரித்தபடி திரும்பினார். ‘நான் செய்தது இரண்டுதானே!’ சிரிப்பு நின்றுபோனது. பயத்தில் அவர் கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்தார்.

மந்தி ஒரு காய்ந்த கிளையை முறித்து, குறி பார்த்து வீசியது. கிளை மூன்றாவது சிறுத்தையின் மூக்கில் விழுந்தது. கல் உறுமியது!

அவ்வளவுதான். மான்கள் பறந்தன. சிறுத்தை பாய்ந்தது. குட்டி நின்ற இடத்தில் புழுதி மட்டும்தான் இருந்தது. சிறுத்தை பல்லைக் கடித்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் மான்கள் வந்தன. பெண்மான் குட்டியை நக்கிக்கொண்டே நின்றது.

அன்று மாலை ஓடையில் ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. அதைப் பார்த்தும் மந்தி கத்தியது. மான்கள் எல்லாம் ஓடின. திரும்பி வந்து கட்டையைப் பார்த்தன. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

நீதி: பிறர் சிரிப்பார்களே என்று பயந்து, சொல்ல வேண்டிய எச்சரிக்கையைச் சொல்லாமல் விடாதே.