விறகில்லாத வெந்நீர்

முன்பொரு காலத்தில் நெடுமாடபுரி என்ற பெரிய பட்டணத்தைச் செண்பகமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான்; ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் வேறு பேச்சு. பட்டணத்திலோ லட்சம் அடுப்பு. சமையலுக்கும் விறகு, குளியலுக்கும் விறகு. பக்கத்துக் காடெல்லாம் எரிந்து தீர்ந்து, மூன்று நாள் வழியிலிருந்து விறகுவண்டி வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் உப்பரிகையில் உலர்த்தியிருந்த ராஜாவின் வெள்ளைப் பட்டு, புகை படிந்து பெருச்சாளி நிறத்துக்கு மாறியிருந்தது. ராஜா குதித்தான்.

"எங்கிருந்து வந்தது இந்தப் புகை?"

விறகுக் கிடங்கின் தலைவர் அழகண்ணராயர் முந்திக்கொண்டார். "சாயக்காரத் தெரு, மகாராஜா! தொட்டி தொட்டியாய்த் தண்ணீர் காய்வது அங்கேதான்."

சாயக்காரி வெள்ளையம்மையின் நீலத்தை ராஜா சபையில் புகழ்ந்த நாள் முதல் ராயருக்கு வயிற்றெரிச்சல்.

"இந்த ஐப்பசிக்குள் அந்தத் தெரு காலியாகட்டும்!" என்றான் ராஜா. நாற்பது குடும்பம். தெருவே மூட்டை கட்டத் தொடங்கியது.

வெள்ளையம்மை மட்டும் மூட்டை கட்டவில்லை. நேரே சபைக்கு வந்து நின்றாள்.

"எங்கள் தெருவில் புகை ஏது, மகாராஜா? நீலம் ஊறும் அவுரித் தொட்டிக்கு வெதுவெதுப்பு போதும். அதை எங்களுக்கு வெயிலே கொடுக்கிறது."

"வெயிலா!" என்று ராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மேகம் மூடினால் என்ன செய்வாய் அம்மா? ஏணி வைத்து ஏறித் துடைப்பாயா?"

சபை சிரித்தது. போட்டி என்றால் ராஜாவுக்குப் பசிகூட மறந்துபோகும். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சனிக்கிழமைதோறும் எனக்கு எண்ணெய்க் குளியல். ஒரு சனிக்கிழமை ராயர் விறகால் வெந்நீர் தரட்டும், நீ வெயிலால் கொடு. யார் வெந்நீர் முதலில் என் தலையில் விழுகிறதோ அவர் பேச்சே செல்லும். நீ தோற்றால் தெரு காலி."

"எந்தச் சனிக்கிழமை என்று நான்தான் சொல்வேன்" என்றார் ராயர்.

"தாராளமாய்ச் சொல்லுங்கள் ஐயா. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் விறகும் என் தண்ணீரும் இன்று முதல் நந்தவனத்தில், கூரையில்லாத வெளியில், மகாராஜா கண்ணெதிரே இருக்கட்டும். ஒளிவுமறைவு வேண்டாம்."

ராயர் உடனே தலையாட்டினார். விறகு என்றாலே அவருக்குக் கிடங்கும் கூரையும் சாவிக்கொத்தும்தான். அதை வெளியில் போட்டுப் பார்த்த மனிதரல்ல.

வெள்ளையம்மை நந்தவனத்தின் மூலையில் இடுப்பளவு பள்ளம் தோண்டினாள். உள்ளே ஒரு பெரிய தாழியை இறக்கி, சுற்றிலும் உமியை அடைத்தாள். பக்கத்தில் கரி பூசிய செம்புத் தவலைகள். வெயிலை அவற்றின் மேல் திருப்பிவிட, பளபளவென்று துலக்கிய பித்தளைத் தாம்பாளங்கள்.

"என்னம்மா, ஊறுகாய் போடுகிறாயா?" என்று கேலி செய்தார்கள் அரண்மனையார்.

"ஊறட்டும், எடுக்கும்போது சொல்கிறேன்" என்றாள். தினமும் உச்சிப்பொழுதில், வெயிலில் காய்ந்த தவலைத் தண்ணீரைத் தாழியில் ஊற்றுவாள். முந்தின நாள் தண்ணீரை அதற்கு முன்பே எடுத்துச் செடிக்கு விட்டிருப்பாள். தாழியின் வாய்க்கு மூடியிட்டு, வைக்கோல் பரப்பி, மெழுகுச் சீலையால் இறுக்கிக் கட்டுவாள்.

முதல் சனிக்கிழமை பளிச்சென்று வெயில். ராயர் அதை விட்டுவிட்டு மேகத்துக்குக் காத்திருந்தார். அடுத்த வெள்ளி சாயங்காலம் வடகிழக்கில் மேகம் திரண்டதும் ஓடோடி வந்தார்.

"நாளைக்குத்தான், மகாராஜா!"

இருட்டியதும் பிடித்த மழை, பொழுது விடிந்தும் தூறியது. ராஜா குடையின் கீழ் மணைப்பலகையில் உட்கார்ந்தான். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். தேய்த்தபின் குளிக்காமல் எழுந்திருக்க முடியுமா?

ராயரின் ஆட்கள் அடுப்பை மூட்டினார்கள். ஊறிப்போன விறகு சீறியது, நுரைத்தது, எரியவில்லை. ஊதினார்கள். புகை சுருண்டு நேரே ராஜாவின் முகத்துக்கு வந்தது.

"ராயரே!" என்று இருமினான் ராஜா. "என்னைக் குளிப்பாட்டக் கூப்பிட்டீரா, வாழைத்தார் போலப் புகை போட்டுப் பழுக்க வைக்கவா?"

"இதோ மகாராஜா, ஒரு நொடி…"

"எத்தனையாவது நொடி ஐயா இது! வெள்ளையம்மை, எங்கே உன் சூரியன்?"

"நேற்று உச்சிப்பொழுதுக்கு வந்தான், மகாராஜா. உமிக்குள் பத்திரமாய் இருக்கிறான்." சீலையை அவிழ்த்து மூடியை நீக்கினாள். குப்பென்று ஆவி எழுந்தது. "அப்படியே ஊற்றாதீர்கள், சுடும். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவிக்கொள்ளுங்கள்."

முதல் சொம்பு தலையில் விழுந்ததும் ராஜா "ஆஹா!" என்று கண்ணை மூடினான்.

"செல்லாது!" என்று கத்தினார் ராயர். "இது நேற்றைய வெயில்!"

வெள்ளையம்மை திரும்பினாள். "உங்கள் விறகு இன்று காலையிலா முளைத்தது ஐயா? பத்து வருஷம் வெயில் குடித்து வளர்ந்த மரம்தானே அது? நீங்கள் பத்து வருஷத்து வெயிலை ஒரு குளியலுக்கு எரிக்கிறீர்கள். நான் ஒரு பகல் வெயிலை மூடி வைத்தேன். இதில் எது செல்லாது?"

ராஜா சிரித்த சிரிப்பில் எண்ணெய் மூக்கில் ஏறியது.

"தெரு அங்கேயே இருக்கும்!" என்றான். "வெள்ளையம்மை, பட்டணம் முழுவதற்கும் இது ஆகுமா?"

"குளியல் வெந்நீருக்கு ஆகும், மகாராஜா. களத்து உமி வீணாய்த்தான் பறக்கிறது. ஆனால் ஐந்தாறு நாள் அடைமழை என்றால் விறகு வேண்டும். பொய் சொல்லமாட்டேன்."

"அந்த ஐந்தாறு நாளுக்கு ராயர் விறகைக் காக்கட்டும். மற்ற நாளெல்லாம் உன்னிடம் வேலை கற்றுக்கொள்ளட்டும். முதல் தாழி அரண்மனைக்கு, அடுத்தது சத்திரங்களுக்கு, பிறகு வீட்டுக்கு வீடு!"

அன்றைக்கே சாயக்காரத் தெருவில் கட்டிய மூட்டைகளை அவிழ்த்தார்கள். மறுநாள் காலை ராயர் அங்கே வந்து, அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அம்மா… எங்கே தோண்ட வேண்டும்?"

"உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே தொடங்குவோம் ஐயா" என்று மண்வெட்டியை நீட்டினாள் வெள்ளையம்மை. "சனிக்கிழமை வருகிறதே, நீங்களும் குளிக்க வேண்டாமா?"