சுருளிக் கரடியோட கடவாப்பல்லு

இலுப்பைக் காட்டுல ஒரு கரடிக்குட்டி ஓன்னு கத்திக்கிட்டுக் கிடந்துச்சு. பேரு சுருளி. தேனடைய மெழுகோட மென்னு தின்னுட்டு, வாயக் கொப்புளிக்காம அப்படியே குறட்டை விடுற ரகம். கடவாப்பல்லு சொத்தை ஆகாம முத்தாவா ஆகும்?

அம்மாக்காரி கருத்தாயி அதைத் தூக்கி முதுகுல போட்டுக்கிட்டு மரங்கொத்தி கொண்டையன்கிட்ட ஓடுச்சு. மரத்தைத் தட்டிப் புழு எடுக்கிற அலகாச்சே! அந்தக் காட்டுல பல்லு வைத்தியமும் அதுதான் பாக்கும்.

கொண்டையன் சுருளியோட வாய எட்டிப் பாத்துச்சு. அப்புறம் குட்டிய வெளையாட அனுப்பிட்டு அம்மாகிட்ட சொல்லுச்சு.

"பாதிப் பல்லு போச்சு தாயி. சொத்தையச் சுரண்டிட்டு, நத்தை ஓட்டுல ஒரு மூடி செஞ்சு அரக்கு வச்சு ஒட்டிட்டா கல்லு மாதிரி நிக்கும். விட்டா புடுங்கித்தான் ஆவணும். இது விழுந்து முளைக்கிற பல்லு இல்ல, பாத்துக்க!"

"ஐயோ, மூடியே போட்டுருங்கண்ணே!"

"நாளைக்குக் கூட்டிட்டு வா. அதுக்குள்ள பயகிட்ட எல்லாத்தையும் சொல்லி வை. டொக்கு டொக்குனு சத்தம் வரும். கூசும். அரக்கு சூடா இருக்கும். அது இறுகுற வரைக்கும் வாய மூடக் கூடாது. தாங்கலேன்னா கையத் தூக்கச் சொல்லு, நிறுத்திருவேன்."

கருத்தாயி எல்லாத்துக்கும் தலைய ஆட்டுச்சு. வீட்டுக்குப் போற வழியிலேயே மனசு மாறிருச்சு. 'இதையெல்லாம் சொன்னா பய இலவ மரத்து உச்சியில போயி உக்காந்துக்குவான். அப்புறம் யாரு இறக்குறது?'

மறுநாள் சுருளி கேட்டுச்சு. "எங்கம்மா போறோம்?"

"கொண்டையன் மாமாகிட்டடா. புது மலைத்தேன் வந்திருக்காம்! கண்ண மூடி வாயத் தொறந்தா மாமா ஊத்துவாரு!"

"பல்ல ஒண்ணும் பண்ண மாட்டாரே?"

"தொடக்கூட மாட்டாரு! அம்மா உங்கிட்ட பொய் சொல்லுவேனா?"

சுருளிக்கு ஒரே குஷி. ஆட்டுறதுக்கு வாலுன்னு பெருசா இல்லாததால இடுப்பையே ஆட்டிக்கிட்டு வந்துச்சு.

கொண்டையன் அம்மா காதோரமாக் கேட்டுச்சு. "சொன்னியா தாயி?"

"ஓ... எல்லாம் சொல்லியாச்சுண்ணே!"

சுருளி கண்ண மூடிக்கிச்சு. குகை மாதிரி வாயத் தொறந்து, நாக்க வேற நீட்டிக்கிட்டுக் காத்திருந்துச்சு.

டொக்!

தூக்கிவாரிப் போட்டுச்சு சுருளிக்கு. வாயப் படக்குனு மூடுச்சு! கொண்டையன் தலைய உருவிக்கிச்சு, ஆனா கொண்டையில ரெண்டு இறகு பல்லோட போயிருச்சு. அரக்குச் சட்டி உருண்டுச்சு. செஞ்சு வச்ச மூடி மிதிபட்டுத் தூளாச்சு. சுருளி அம்மாவ ஒரு பார்வை பாத்துட்டுக் காட்டுக்குள்ள ஓடி, ஒரு பாறை இடுக்குல பூந்துக்கிச்சு.

"என்னத்த சொல்லிக் கூட்டியாந்த?"ன்னு கொண்டையன் கேட்டுச்சு.

கருத்தாயி குட்டி பின்னாடியே ஓடுச்சு.

அன்னியிலிருந்து அது அந்தப் பாறை இடுக்கு முன்னாடி நின்னு கெஞ்சாத நாளு இல்ல. "வாடா கண்ணு, இந்தவாட்டி மூடி போட்டுட்டு வந்துரலாம். கொஞ்சந்தான் கூசும்."

"தேனு ஊத்துவாரா?"ன்னு உள்ள இருந்து பதில் வரும். கருத்தாயிக்கு நெஞ்சுல முள்ளு குத்துன மாதிரி இருக்கும். யாரக் குத்தம் சொல்லுறது? சொன்ன வாயி அதோடதுதானே!

கன்னம் பலாக்காய் கணக்கா வீங்கின பெறகு, வலி தாங்காம சுருளியே வெளிய வந்துச்சு. கொண்டையன் பாத்துட்டு உதட்டப் பிதுக்க உதடு இல்லாம, தலைய மட்டும் ஆட்டுச்சு.

"மூடி போடுற காலம் போச்சுடா மாப்ள. புடுங்கணும். வலிக்கும். ரத்தம் வரும். கையத் தூக்குனா நிறுத்திருவேன். தொறக்குறியா?"

சுருளி கொஞ்ச நேரம் அழுதுச்சு. அப்புறம் வாயத் தொறந்துச்சு!

கருத்தாயி அப்படியே மலைச்சுப் போயிருச்சு. "இவ்வளவையும் கேட்டுட்டா தொறக்குற?"

"அன்னிக்கே சொல்லிருந்தா அன்னிக்கே தொறந்திருப்பேன்லம்மா."

நடுவுல ஒரே ஒரு தடவ கையத் தூக்குச்சு. கொண்டையனும் நிறுத்துச்சு. அப்புறம் பல்லு வந்துருச்சு.

கருத்தாயி ஓடிப்போயி குட்டியக் கட்டிக்கிச்சு. "முடிஞ்சிருச்சுடா ராசா. இனிமே வலிக்காதுடா!"

இந்தவாட்டி அது சொன்னது அத்தனையும் நெசம்.

சுருளி அம்மா தோளுக்கு மேல எட்டி, கொண்டையனப் பாத்துக் கேட்டுச்சு. "மாமா, அம்மா சொல்றது நெசமா?"

வலிக்கப் போறத முன்னாடியே சொன்னா பிள்ளை கொஞ்ச நேரம் அழும்; மறைச்சுக் கூட்டிட்டுப் போனா பெத்தவ பேச்சையே அது அடுத்தவங்ககிட்ட கேட்டுத்தான் நம்பும்.