நல்லசிவம் வண்டுப்படையைக் குறைத்த கதை

கோவையில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, காவி கிடையாது. முப்பத்துநான்கு வயதுப் பெண்மணி, பெயர் சுகந்தி. கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. யார் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. எதையாவது செய்யச் சொல்வார், இல்லாவிட்டால் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஆபீசில் கேலியாக ‘குருவே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் கேலி போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சீடர் நல்லசிவம். குருவைவிட இரண்டு வயது மூத்தவர். அதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

அவர்கள் தயாரித்த விளையாட்டுக்கு ‘மும்முனை’ என்று பெயர். இரண்டு பேர் ஆளுக்கொரு படையை எடுத்துக்கொண்டு மோத வேண்டும். சதுரங்கம் மாதிரி உன் முறை, என் முறை என்று காத்திருக்கிற கதை இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் கோட்டை கட்டி, ஆள் சேர்த்து, அடிக்கப் போவார்கள். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தால் கோட்டை போய்விடும்.

யானைப்படை, கழுகுப்படை, வண்டுப்படை என்று மொத்தம் மூன்று. ஏதாவது ஒன்றின் கை ஓங்கினால் அதன் பலத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஒன்று நொடித்துப்போனால் கொஞ்சம் ஏற்ற வேண்டும். குருவுக்கும் சீடருக்கும் அதுதான் பிழைப்பு. யாருடைய படையில் கை வைத்தாலும் அவர்கள் இணையத்தில் வந்து கிழி கிழி என்று கிழிப்பார்கள். திட்டு வாங்காமல் சம்பளம் வாங்க முடியாத உத்தியோகம்.

அந்த ஆட்டப் பருவத்தில் வண்டுப்படையின் கை ஓங்கியிருந்தது. குறைக்கத்தான் வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பொறுப்பைக் குரு நல்லசிவத்திடம் கொடுத்தார்.

நல்லசிவம் தயங்கித்தான் வாங்கிக்கொண்டார். காரணம் இருந்தது. இந்த வேலைக்கு வருமுன் அவர் பேர்பெற்ற ஆட்டக்காரர், அதுவும் வண்டுப்படை ஆட்டக்காரர். வண்டு என்றால் அவருக்கு உயிர். தனியாகப் பார்த்தால் ஒரு வண்டுக்குப் பெரிய பலம் எதுவும் கிடையாது. மண்ணுக்குள் புகுந்து, கூட்டமாகக் கிளம்பி, யானையின் காலடியிலேயே முளைத்து நிற்கும். வேலை இல்லாமல் அறையில் அடைந்து கிடந்த நாட்களில் அவருக்கு ஜெயிப்பது என்றால் என்னவென்று காட்டியவை அந்த வண்டுகள்தான். அவர் இந்தக் குழுவில் சேர்ந்த அன்றே இணையத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. இனிமேல் வண்டுக்கு நல்ல காலம்தான், ஆள் உள்ளே போயாச்சு என்று எழுதினார்கள்.

முதலில் வண்டின் வேகத்தைக் குறைத்தார். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றமானாலும், செய்தவர் அதை ஆடிப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. நல்லசிவம் ஆடிப் பார்த்தார், ஜெயித்தார். அப்படியானால் குறைத்தது போதாது என்று வண்டின் முதுகிலிருக்கும் ஓட்டின் கனத்தைக் குறைத்தார். மறுபடி ஆடினார், மறுபடி ஜெயித்தார். புதிய வண்டு பிறக்க ஆகும் நேரத்தைக் கூட்டினார். அப்போதும் வென்றது வண்டுதான்.

மறுநாள் காலையில் மாற்றம் வெளியாக வேண்டும். வெளியாகிவிட்டால் அந்தப் பருவம் முடியும்வரை தொட முடியாது. மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் குருவின் மேஜைக்கு வந்து நின்றார்.

“எவ்வளவு குறைச்சாலும் ஜெயிக்குது, குருவே. இன்னும் எவ்வளவுதான் குறைக்கிறது?”

“ஆடிப் பார்த்தது யாருங்க?”

“நானேதான்.”

குரு எழுந்து நல்லசிவத்தின் இருக்கைக்கு நடந்தார். அங்கே கீபோர்டுக்கு வலப்பக்கம் இருந்த மவுஸைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார்.

“உட்காருங்க. இடது கையில ஆடுங்க.”

“எனக்கு இடது கையில சோத்துக் கரண்டியே நிக்காதுங்களே.”

“அதனாலதான்.”

குரு எதிர் மேஜையில் உட்கார்ந்தார். குரு சுமாராக ஆடுவார், அவ்வளவுதான். ஆபீசில் அவரைத் தோற்கடிக்காதவர் யாரும் இல்லை. வண்டை அப்புறம் எடுக்கலாம், முதலில் யானையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தனக்குக் கழுகை வைத்துக்கொண்டார்.

யானைகள் போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. ஒன்று குளத்தில் இறங்கியது, இரண்டு தங்கள் கோட்டைச் சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றன. நல்லசிவத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் எப்படியோ தடுமாறி, முட்டி மோதி, குருவின் கோட்டையை இடித்துவிட்டார். அடுத்து கழுகை எடுக்கச் சொன்னார் குரு, தான் யானைக்கு மாறினார். இழுபறிதான். கடைசியில் நூலிழையில் நல்லசிவம் ஜெயித்தார்.

“இப்ப உங்க வண்டு,” என்றார் குரு. தான் மறுபடி கழுகுக்கு மாறினார்.

நல்லசிவம் குறைத்து வைத்திருந்த வண்டுப்படை திரையில் வந்தது. பத்திரமாகத்தான் ஆரம்பித்தார். கூட்டம் சேர்த்து மண்ணுக்குள் அனுப்பினார். வலது கையாக இருந்தால் கண் இமைப்பதற்குள் ஆளுக்கொரு பக்கம் பிரித்து விட்டிருப்பார். இடது கைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. குருவின் கழுகுகள் சாவகாசமாக இறங்கின. வேகம் போய்விட்டதால் வண்டுகளால் ஓட முடியவில்லை. ஓடு மெலிந்துவிட்டதால் நின்று தாங்கவும் முடியவில்லை. கோட்டை வாசலைப் பார்க்காமலேயே எல்லாம் மல்லாந்தன.

“இன்னொரு ஆட்டம்,” என்றார் நல்லசிவம்.

அதிலும் தோற்றார். அடுத்ததில் இன்னும் சீக்கிரமாகத் தோற்றார். நடுவில் தன்னையறியாமல், ஓடுங்க, ஓடுங்க என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தார். குருவின் காதில் அது விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டார்.

நல்லசிவம் மவுஸிலிருந்து கையை எடுத்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

“இது நியாயமில்லைங்க. இது என் கையே இல்லை.”

“ஆமா. ஊர்ல வண்டை எடுத்து ஆடுற முக்கால்வாசிப் பேரோட கை.”

நல்லசிவத்துக்கு உறைத்தது. இத்தனை நாளும் ஜெயித்தது வண்டு அல்ல, வண்டோடு பல வருஷம் குடித்தனம் நடத்திய தன் வலது கை. அதை வைத்துக்கொண்டு எடை போட்டால் எந்தப் படையும் கனமாகத்தான் இருக்கும். இது தெரியாத ஆள் இல்லை அவர். தனக்குப் பின்னால் குழுவில் சேர்ந்தவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

குரு கேண்டீனுக்குச் சொல்லி இரண்டு டீயும் தேங்காய் பன்னும் வரவழைத்தார். பன்னைப் பிட்டு அவர் பக்கம் நகர்த்தினார். சாப்பிடாமல் வந்ததைக் கவனித்திருந்தார் போலிருக்கிறது.

“கீழ் மாடியில ஆடிப் பார்க்கன்னே அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட ஏன் குடுக்கலை?”

நல்லசிவம் பன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. குருவிடம் அது எடுபடாது.

“குடுத்தா தோத்துருப்பாங்க.”

“தோத்தா?”

“குறைச்சதைத் திரும்ப ஏத்தணும். நான் ஏத்தினா ஊர் என்ன சொல்லும்? பாரு, தன் படைக்குச் செஞ்சுக்கிட்டான்னு சொல்லும். எனக்கு அதுங்க மேல எவ்வளவு பிரியம்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பிரியம் வேலையில தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான்...”

முப்பத்தாறு வயது மனுஷன், வண்டுக்காகக் கண் கலங்கினார் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். குரு சிரிக்கவில்லை. நல்லசிவத்தின் டீயை எடுத்து ஆற்றி, குடிக்கிற பதத்துக்கு வந்ததும் கையில் கொடுத்தார்.

நல்லசிவம் குடித்து முடித்தார். பிறகு அவர் கணினிப் பக்கம் திரும்பி, வண்டின் ஓட்டுக்கு எதிரே இருந்த எண்ணைக் கூட்டும் விசையின் மேல் விரலை வைத்தார். அழுத்தவில்லை.

“ஏத்தினா நிச்சயம் பேசுவாங்க, குருவே.”

“பேசத்தான் செய்வாங்க. அதை நீங்க வாங்கிக்கங்க, நல்லசிவம். உங்களுக்கு நல்ல பேர் வேணும்னு அதுங்க எதுக்குச் சாகணும்?”