முழுப் பாதம்

மன்னார்குடியில் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி பார்க்கும் தில்லைநாயகியிடம் ஆளவந்தார் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். குருவைவிடச் சிஷ்யருக்கு வயது கூட. விசில் போனாலும் விறைப்பு போகவில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அவர் பொறுப்பில் வந்தவள் ஆறு வயது மிருதுளா. தட்டைப் பாதம்; உள்ளங்காலில் வளைவே கிடையாது. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் வலித்து, தூக்கச் சொல்லி அழுவாள். அவள் வீட்டில் கோகுலாஷ்டமிக்குக் குழந்தையின் காலையே மாவில் தோய்த்து, வாசலிலிருந்து பூஜை அறைவரை நடக்க வைப்பது வழக்கம். போன வருஷம், பாதம் தட்டையாக விழுமே என்று இவளை விட்டுவிட்டுச் சித்தப்பா மகனை நடக்க வைத்தார்கள். மிருதுளா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இந்த வருஷம் நீதான் நடக்கறே" என்று ஆளவந்தார் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கால்விரலால் துண்டைச் சுருட்டுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, மணலில் நடப்பது என்று கண்ணும் கருத்துமாகப் பழக்கினார். முடிவில் காலை நனைத்துச் சிமெண்ட் தரையில் நடக்கச் சொல்லி, சுவட்டைக் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

அஷ்டமிக்கு முதல் நாள் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"டாக்டரம்மா, வளைவு வந்துடுச்சு! வந்து பாருங்க."

ஈரச் சுவட்டில் நடுப்பாதத்தின் உட்புறம் பதியவே இல்லை. கோலத்தில் போடும் கிருஷ்ணர் பாதமேதான். தாய் வேதா கையெடுத்துக் கும்பிட்டாள்.

தில்லைநாயகி சுவட்டைப் பார்க்கவில்லை. அறையின் மறுகோடியில் நின்று டப்பாவைத் திறந்தாள்.

"மிருதுளா, சீடை வேணுமா? ஓடி வா!"

குழந்தை ஓடினாள். அவளுக்குப் பின்னால் தட்டைச் சுவடுகள் முழுசு முழுசாக விழுந்தன.

ஆளவந்தாரின் முகம் சுண்டிப்போனது. "அப்போ, முதல்ல விழுந்தது?"

"பாதத்தைச் சாய்ச்சு ஓரக்கால்ல நடந்தேன்" என்றாள் மிருதுளா. "நீங்க உதட்டைப் பிதுக்கினா எனக்கு அழுகையா வருது, மாஸ்டர் தாத்தா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதே! இத்தனை நாள் பழக்கினதெல்லாம் வீணா, டாக்டரம்மா?"

தில்லைநாயகி குழந்தையிடம் குனிந்தாள். "கால் வலிக்குதா கண்ணு?"

"ஓரக்கால்ல நடந்தாத்தான் வலிக்குது. சும்மா நடந்தா இல்ல."

வேதா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆமா டாக்டர், இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுலேருந்து நடந்தே வந்தா. தூக்கச் சொல்லவே இல்ல. எனக்கு அது உறைக்கவே இல்லையே! மாஸ்டர், நீங்க நல்லா இருக்கணும்."

ஆளவந்தாருக்கு அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

"ஆனா டாக்டரம்மா, நாளைக்கு மாவுல தட்டையாத்தானே விழும்? கிருஷ்ணர் பாதம் மாதிரி இருக்காதே."

தில்லைநாயகி ஒரு சீடையைக் குழந்தையின் கையில் வைத்தாள்.

"சார், நாளைக்கு இவங்க வீட்டுக்குக் கூப்பிடறது கிருஷ்ணனையா, பாதத்தையா?"

ஆளவந்தார் கீழே உட்கார்ந்து, மிருதுளாவின் ஈரக் காலைத் தம் துண்டால் துடைத்துவிட்டார்.