முந்நூறு கூடைப் பள்ளிக்கூடம்

பிள்ளைகளே, ஓர் ஆற்றின் இக்கரையில் ஒரு காடு, அக்கரையில் ஒரு காடு. இக்கரையைச் சிங்கம் ஆண்டது, அக்கரையைப் புலி ஆண்டது. சிங்கத்துக்குப் பசியைவிடப் பொறாமை அதிகம்.

இரண்டு காடுகளிலும் மீசை அரும்பும் வயதுக் குட்டிகளுக்கு உயர்நிலைப் பள்ளி இருந்தது. இக்கரைப் பள்ளிக்கு அரசு ஆண்டுக்கு நாற்பது கூடைப் பழம் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு முள்ளம்பன்றி வாத்தியார் பாடம் நடத்தினார். பள்ளிக்குப் பின்னால் இருந்த குளத்தில் நீச்சலும் கற்றுக்கொடுத்தார்.

ஒரு நாள் காகம் பறந்து வந்தது.

"மன்னா, புலி தன் உயர்நிலைப் பள்ளிக்கு முந்நூறு கூடை செலவழிக்கிறதாம்."

சிங்கத்தின் பிடரி சிலிர்த்தது. "நாம் எவ்வளவு?"

"நாற்பது," என்றது அமைச்சர் நரி.

"வெளியே சொல்லித் தொலைக்காதே. இந்த வருஷம் நானூறு ஆக்கு."

நரி உடனே வேலையைத் தொடங்கியது. குளத்தை மண் போட்டு மூடியது. அதன்மேல் வானத்தைத் தொடுவதுபோல ஒரு வளைவு கட்டியது. வளைவின் உச்சியில் சிங்கத்தின் முகம். அதன் கீழே, 'அக்கரையைவிட நூறு கூடை அதிகம்' என்று பெரிய எழுத்து. மிச்சக் கூடைகள் மேற்பார்வைச் செலவு என்ற பெயரில் நரியின் வளைக்குள் போயின.

"நீச்சலை எங்கே கற்றுக்கொடுப்பது?" என்று கேட்டார் வாத்தியார்.

"வளைவுக்குக் கீழே நின்று கையை வீசச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் நீச்சல் வராதா என்ன?"

அந்த ஆண்டு நீச்சலில் சிங்கக்குட்டி நூற்றுக்கு நூறு வாங்கியது. மதிப்பெண் போட்டது நரி.

சிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. புலியிடம் நேரில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று குட்டி, நரி, காகம் மூவரையும் ஏற்றிக்கொண்டு தெப்பத்தில் கிளம்பியது. அக்கரைக்கு அருகே தெப்பம் பாறையில் மோதியது. குட்டி தண்ணீரில் விழுந்தது.

விழுந்த குட்டி, படித்தபடியே கையை வீசியது. வீசிக்கொண்டே மூழ்கியது.

சிங்கம் கர்ஜித்தது. ஆறு கேட்கவில்லை. சிங்கத்துக்கும் நீச்சல் தெரியாது. "யாராவது வாருங்களேன்," என்று அது முனகியபோது அதன் குரல் பூனைக்குரல் போல இருந்தது.

கரையில் சேற்றில் புரண்டுகொண்டிருந்த ஒரு பன்றிக்குட்டி தண்ணீரில் குதித்தது. சிங்கக்குட்டியைத் தன் காதைக் கவ்வச் சொல்லி இழுத்துக்கொண்டு கரையேறியது.

தெப்பமும் தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தது. சிங்கம் குட்டியை நக்கி நக்கித் துவட்டியது. பிறகு பன்றிக்குட்டியைப் பார்த்து, "உங்கள் பள்ளிக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது?" என்று கேட்டது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது ஐயா. வாத்தியார் தினமும் எங்களோடு ஆற்றில் இறங்குவார், அவ்வளவுதான்."

சத்தம் கேட்டுப் புலி வந்தது. சிங்கம் மெல்லக் கேட்டது: "முந்நூறு கூடைதானே?"

"முந்நூறா? முப்பது. அதற்கே பழம் பறித்துத் தரும் எங்கள் குரங்குகள் முணுமுணுக்கின்றன."

எல்லோரும் காகத்தைப் பார்த்தார்கள். காகம் ஏதோ மேகத்தைப் பார்த்தது.

"அப்பா, நான் இங்கேயே படிக்கிறேன்," என்றது சிங்கக்குட்டி, இன்னும் நடுங்கிக்கொண்டே.

சிங்கம் ஆற்றுக்கு அப்பால் தெரிந்த தன் வளைவைப் பார்த்தது. "படி," என்றது கடைசியில்.

நரி அதன் காதருகே குனிந்தது. "மன்னா, வருத்தப்படாதீர்கள். நம் பள்ளியில் ஒரு மாணவர் குறைந்துவிட்டார். அதனால் தலைக்கு ஆகும் செலவு இன்னும் கூடிவிட்டது. நாம்தான் முதலிடம்."

சிங்கம் ஒரு கையால் நரியைத் தட்டி ஆற்றில் தள்ளியது.

நரிக்கும் நீச்சல் தெரியவில்லை. பன்றிக்குட்டி பெருமூச்சு விட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கியது.

நீதி: பள்ளிக்கு அடுத்தவரைவிட அதிகம் கொடுத்தோமா என்று பார்க்காதே, கொடுத்தது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்.