கணக்கில் விட்ட ஆள்

ரைஸ் மில் முதலாளி தணிகாசலம் காலாட்டியபடியே, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சரிடம், "வீட்ல நாலு பேர்" என்றார்.

"பின்கட்டுல தங்கிச் சமைக்கிற அம்மா?"

"வேலைக்காரியெல்லாம் வீட்டு ஆளா? விடுங்க."

பதினெட்டு வருஷமாய் அங்கேயே உண்டு உறங்கும் செங்கமலத்துக்குச் சுருக்கென்றது.

"குடிதண்ணி எங்கேருந்து வருது? உங்க சம்சாரத்துக்கு வயசென்ன?" என்று டீச்சர் கேட்டார். முதலாளி விழித்தார். செங்கமலத்தைப் பார்த்து, "சொல்லேன்!" என்று அதட்டினார்.

"வீட்டுலயே இல்லாதவளுக்கு எப்படிங்க ஐயா தெரியும்?" என்றாள் அவள், ரொம்பப் பணிவாக.

முதலாளியின் முகம் சுண்டியது. "சரி, இவளையும் எழுதித் தொலைங்க."

"தங்குறவங்க எல்லாரையும் எழுதித்தான் ஆகணும்ங்க. இவங்க பேர்?"

ஊரையே மிரட்டும் வாய் திறந்தபடி நின்றது. இத்தனை வருஷமும் அவர் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"செங்கமலம்ங்க, டீச்சர்," என்றாள் அவள். "சத்தமாப் படிச்சுக்கிட்டே எழுதுங்க. ஐயாவும் தெரிஞ்சுக்கட்டும்."